யாரோ கொட்டிய குப்பைக்கு எனக்கு அபராதமா?

கேள்வி: புரசைவாக்கத்தில் சொந்த வீடு. தெருமுனைக் குப்பைத் தொட்டியை எடுத்த பிறகு, பக்கத்து டிபன் கடைக்காரர் ராத்திரியில் எச்சில் இலை மூட்டைகளை எங்கள் காம்பவுண்டு ஓரம் போடுகிறார். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொன்னால் அள்ளிப்போகிறார்கள். மறுநாள் அதே கதை. இப்போது என் பெயருக்கே 5,000 ரூபாய் அபராத நோட்டீஸ். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டினால், குப்பை உங்களுடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கு 500 ரூபாயாக இருந்த அபராதத்தைச் சென்னை மாநகராட்சி 2024-ல் 5,000 ஆக்கியது. ஆனால் அது கொட்டியவருக்கு. யார் வீட்டுச் சுவரோரம் கிடக்கிறது என்பதை வைத்து விதிப்பதல்ல.

மண்டல அலுவலருக்கு உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். நோட்டீஸுக்கு முந்தைய தேதியில் நீங்கள் கொடுத்த 1913 புகார் எண்கள்தான் இதில் உங்களுடைய பெரிய பலம். தன் குப்பையைப் பற்றித் தானே யாரும் புகார் செய்யமாட்டார்கள் அல்லவா? மூட்டையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கடைப் பெயர் அச்சடித்த பார்சல் கவரோ கசங்கிய பில்லோ கிடைத்தால் தேதியோடு படம் எடுங்கள். அந்தக் கடைக்குத் தொழில் உரிமம் கொடுத்ததும் இதே மாநகராட்சிதான். அதன் மீது நடவடிக்கை வேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள்.

கேமரா வைக்கலாம், உங்கள் கேட்டும் தெருவும் தெரிந்தால் போதும், எதிர்வீட்டு வாசல் வேண்டாம். வழக்கு என்று போனால், பதிவோடு அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழும் பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-ன் கீழ் தர வேண்டும். அதைவிட்டு ஃபேஸ்புக்கில் போட்டால் கடைக்காரர் உங்கள் மீது அவதூறு வழக்கு போடுவார். கோபத்தில் மூட்டையைத் தூக்கி அவர் கடை வாசலில் போடுவதும் வேண்டாம். அப்புறம் அந்த 5,000 நிஜமாகவே உங்களுடையதாகிவிடும்.

இதற்கும் மாநகராட்சி அசையவில்லை என்றால், பலரும் மறந்துவிடுகிற ஒரு வழி இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133) வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். வண்டி லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் இல்லை, அது வேறு. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ரத்லாம் நகராட்சி வழக்கில், நிதி இல்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். அதனால் மனுவில் கடைக்காரரோடு மாநகராட்சியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.