ஹௌகன் என்று தேடினால் ஓலே கிடைக்க மாட்டார்

மினசோட்டாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவரின் கொள்ளுத்தாத்தா நார்வேயில் 1858-ல் பிறந்து 1882-ல் அமெரிக்கா வந்தவர். கல்லறையில் ‘ஓலே எல். ஹௌகன்’ என்று இருக்கிறது, குடியுரிமைத் தாளில் ஊர் ‘கிறிஸ்டியானியா’. நார்வே ஆவணத் தளத்தில் ஹௌகன் என்று தேடினால் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், இவர் மட்டும் இல்லை. ஒரு முகவர் 400 டாலர் தந்தால் வைக்கிங் அரசர் வரை வம்சாவளி எடுத்துத் தருவதாகச் சொல்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தேவாலயப் பதிவேடுகளையும் கணக்கெடுப்புகளையும் நார்வே தேசிய ஆவணக் காப்பகம் ‘டிஜிட்டல்ஆர்க்கிவெட்’ என்ற தளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அதையே தரவிறக்கி, பொன்னிற ஓரம் வைத்த தாளில் அச்சடித்து, யாருடையதோ ஒரு குலச்சின்னத்தையும் ஒட்டி விற்கிறார்கள். ஒழுங்காகப் பதிவேடு வைக்கும்படி பாதிரியார்களுக்கு உத்தரவு வந்ததே 1680-களில்தான். அதற்கு முன்னால் ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தின் வம்சத்தை விடாமல் தொடர்வது மிக அரிது. ஒன்பதாம் நூற்றாண்டு அரசரை இவர் எங்கிருந்து பிடித்து வருவார்?

சரி, ஓலே விஷயத்துக்கு வருவோம். அந்த ‘எல்’ நம் இனிஷியல் மாதிரிதான்: அப்பா பெயர் பெரும்பாலும் லார்ஸ். அப்படியானால் ஊரில் இவர் ஓலே லார்சன், அதாவது லார்ஸின் மகன் ஓலே. ஹௌகன் என்பது அவர் குடியிருந்த பண்ணையின் பெயர், கிட்டத்தட்ட முகவரி. நார்வேயில் அந்தப் பெயரில் எத்தனையோ இடங்கள் உண்டு. எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்ற சட்டமே 1923-ல்தான் வந்தது.

இங்கே பலரும் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பண்ணைப் பெயர் இருந்தால் பண்ணை சொந்தம் என்று நினைக்காதீர்கள். பெரிய பண்ணையின் ஓரத்தில் ஒரு குடிசையையும் துண்டு நிலத்தையும் அனுபவிக்க மட்டும் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் வேலை செய்தவர்களை ‘ஹுஸ்மன்’ என்பார்கள். அவர்களுக்கும் அதே இடப்பெயர்தான் ஒட்டியது. இடம் மாறினால் பெயரும் மாறும். அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒன்று, திருமணத்தில் இன்னொன்று என்று இருக்கலாம். மாமனார் பண்ணைக்குக் குடிபோன மாப்பிள்ளை அந்தப் பண்ணைப் பெயருக்கு மாறியதும் உண்டு. அமெரிக்கா போனவர்களில் ஹுஸ்மன் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். ‘உங்கள் பூர்வீகப் பண்ணையைக் காட்டுகிறேன்’ என்று சுற்றுலா கூட்டிப்போகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

கிறிஸ்டியானியா இன்றைய ஆஸ்லோ. கப்பல் ஏறிய துறைமுகத்தையே பிறந்த ஊராக எழுதிவிடுவது அடிக்கடி நடந்தது. அதை நம்பி அந்த நகரத்துப் பதிவேடுகளைப் புரட்டினால் காலம்தான் போகும். அமெரிக்காவில் ஓலே போன லூத்தரன் தேவாலயத்தின் பதிவேட்டையும் மரண அறிவிப்பையும் முதலில் பாருங்கள். பிறந்த வட்டாரத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். அப்புறம் கிறிஸ்டியானியா போலீஸின் குடிபெயர்வுப் பதிவேடு. அது 1867 முதல் இருக்கிறது. 1882-ல் 24 வயது ஓலே லார்சன்களைப் பார்த்து, கடைசியாக வசித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். முதல் மூன்றெழுத்தோடு நட்சத்திரக்குறி போட்டுத் தேடுங்கள்.

வட்டாரம் தெரிந்தால் 1865 கணக்கெடுப்புக்குப் போங்கள். ஏழெட்டு வயதுப் பையனாக அப்பா அம்மாவோடு இருப்பார். 1875-ல் தேடினால் பதினேழு வயதில் வேறு பண்ணையில் வேலைக்காரனாக இருக்கலாம், பெற்றோர் யாரென்றே தெரியாது.

தேடுபெட்டியில் வரவில்லை என்றால் ஆவணம் இல்லை என்று அர்த்தமில்லை. பல பதிவேடுகள் வெறும் படங்களாகவே கிடக்கின்றன, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். அதிலும் இன்று பலருக்கும் படிக்க வராத பழைய கோத்திக் கையெழுத்து. போதாததற்கு எல்லாவற்றையும் பழைய திருச்சபை எல்லைப்படி அடுக்கியிருக்கிறார்கள். அந்த எல்லைகளோ அடிக்கடி மாறியவை. வெளிநாட்டில் உட்கார்ந்து தேடுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் யோசித்த மாதிரி இல்லை. முகவர்கள் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரே வட்டாரத்தில், ஒரே ஆண்டில் இரண்டு ஓலே லார்சன்கள் சாதாரணம். 1873 வாக்கில் உறுதிபூசுதல் (வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் தேவாலயச் சடங்கு) பட்டியலைப் பாருங்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அம்மை குத்திய விவரம்கூட இருக்கும். 1882-ல் வட்டாரத்தை விட்டுப் போனவர்கள் பட்டியலில் ‘அமெரிக்கா’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லறையில் முழுப் பிறந்த தேதி இருந்தால் அதோடு இவற்றை ஒப்பிடுங்கள். தேதி பொருந்தவில்லையா, அவர் வேறு யார் வீட்டு ஓலேயோ.