கொழும்பு வீட்டுத்தோட்டத்தில் செரி: கேட்டவையும் என் பதில்களும்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் பலர் செரி மரம் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, டிசம்பரில் சுப்பர் மார்க்கெட்டில் செரிப் பழம் வாங்கினோம். மகன் விதைகளைக் கழுவி வைத்திருக்கிறான். நட்டால் முளைக்குமா? காய்க்குமா? (வெள்ளவத்தை)

முளைக்க வைக்கலாம், தங்கச்சி. ஆனால் கொழும்பில் அது காய்க்காது. மகனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஏமாந்து போவான்.

நீங்கள் வாங்கியது குளிர்நாட்டுச் செரி. டிசம்பரில் நம் கடைகளுக்கு வருவது தென்கோளத்துப் பழம். சிலி போன்ற நாடுகளில் அப்போதுதான் அறுவடை. அந்த மரம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். மொட்டுக்குள் பூவை அடைத்து வைத்திருக்கும் பூட்டு, குளிரைப் போதிய அளவு வாங்கிய பிறகுதான் திறக்கும். பெரும்பாலான இனிப்புச் செரி வகைகளுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே 700 முதல் 1000 மணித்தியாலம் வரை வேண்டும். கொழும்பில் மார்கழி, தை மாத விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். பசளை போட்டோ, ஐஸ் தண்ணீர் ஊற்றியோ இதைச் சரிக்கட்ட முடியாது.

ஆனாலும் மகனுக்கு முளைப்பதைக் காட்ட ஆசை என்றால் செய்து பாருங்கள். விதைகளை ஈரமான தும்புத்தூளில் பொதிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வைத்து, பிறகு நடுங்கள். விதையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்ன மட்டும் விடாதீர்கள். அதில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

அப்படியானால் நுவரெலியாவில்? மாமாவுக்கு அங்கே காணி இருக்கிறது. (கொட்டாஞ்சேனை)

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில விடியல்களில் புல் மேல் உறைபனி படியும். ஆனால் வெயில் ஏறியதும் குளிர் போய்விடும். மணித்தியாலக் கணக்கு சேராது. மினி ரோயல், ரோயல் லீ என்று 200, 300 மணித்தியாலக் குளிரோடு காய்க்கும் இரண்டு வகைகள் அமெரிக்காவில் உண்டு. அவற்றையும் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்கச் சேர்த்துத்தான் நடவேண்டும். அதோடு, பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் செரியின் தோல் வெடித்துவிடும். மலைநாட்டில் மழையிலிருந்து தப்புவது எப்படி? மாமா பியர்ஸ் அல்லது பிளம்ஸ் நடட்டும். வெலிமடைப் பக்கம் பியர்ஸ் நன்றாக வருகிறது.

லண்டனிலிருந்து அண்ணா வருகிறார். ஒரு செரிக் கன்றை சூட்கேசில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா? (பம்பலப்பிட்டி)

வேண்டவே வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கன்று, விதை எதைக் கொண்டுவருவதானாலும் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் பரிசோதிக்கும். வேரோடு வரும் ஒரு பிடி மண்ணில் எந்த நோய் வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதுவும் காய்க்காத ஒரு மரத்துக்காக இந்த ஆபத்து எதற்கு?

நர்சரியில் 'செரி' என்று ஒரு கன்று தந்தார்கள். என்ன செரி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. நான் எப்படிக் கண்டுபிடிப்பது? (வத்தளை)

அதிகமாக வந்த கேள்வி இதுதான். கொழும்பில் செரி என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. மூன்றுமே குளிர்நாட்டுச் செரிக்குச் சொந்தமில்லாதவை. ஆனால் மூன்றும் நம் வெயிலில் காய்ப்பவை.

முதலாவது பார்படோஸ் செரி, அசரோலா என்றும் சொல்வார்கள். சிறிய, பளபளப்பான கரும்பச்சை இலை, சோடி சோடியாக இருக்கும். இளஞ்சிவப்புப் பூ, இதழ்களின் ஓரம் கத்தரித்துவிட்ட மாதிரி இருக்கும். பழத்தைப் பிய்த்தால் உள்ளே முகடுகளுள்ள மூன்று விதை.

இரண்டாவது சூரினாம் செரி, அதாவது பிடங்கா. தளிர் இலை செம்பு நிறம். இலையைக் கசக்கி மணந்து பாருங்கள், பிசின் கலந்த ஒரு காரமான வாசம் வரும். பழத்தில் எட்டு வரி. குட்டிப் பூசணிக்காய் போலவே இருக்கும்.

மூன்றாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஜாம் பழம். அதைத்தான் சிலர் சிங்கப்பூர் செரி, ஜமைக்கா செரி என்று விற்கிறார்கள். இலை மெத்தென்று, தொட்டால் கொஞ்சம் ஒட்டும். கொப்புகள் தட்டுத்தட்டாகப் பக்கவாட்டில் விரியும்.

யாராவது குளிர்நாட்டுச் செரி என்றே சொல்லி விலை கூட்டிக் கேட்டால், இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு சின்னஞ்சிறு சிவப்புக் குமிழ்கள் இருந்தால் அது உண்மையான செரியாக இருக்கலாம். இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஆறு பேர்ச் காணி உள்ளவருக்கு நான் சொல்வது பார்படோஸ் செரிதான். வெட்டி வெட்டிச் சின்னதாக வைத்திருக்கலாம், ஒரு மரம் வீட்டுக்கே போதும்.

பார்படோஸ் செரி மூன்று வருடமாக நிற்கிறது. பூவாகப் பூக்கிறது, ஆனால் பத்துக் காய்கூட நிற்பதில்லை. என்ன குறை ஆன்ட்டி? (தெஹிவளை)

உங்கள் மரத்தில் குறை இருக்கவேண்டும் என்றில்லை மகள். கதை பூவில் இருக்கிறது. ஒரு பூவைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். இதழ்களுக்குப் பின்னால், அடியில், பச்சையாகச் சிறு மணிகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இந்தச் செடியின் தாயகமான அமெரிக்க வெப்பநாடுகளில் அந்த எண்ணெயைச் சேகரிக்கவென்றே ஒரு வகைத் தேனீ இருக்கிறது; அது வந்து போகும்போது மகரந்தம் மாறுகிறது. இந்தப் பூவில் தேன் கிடையாது. நம் ஊர்த் தேனீக்கு எண்ணெய் தேவையில்லை. ஆகவே எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பூவுக்குப் போய்விடும்.

அதனால் நீங்களே தேனீயாக மாறவேண்டியதுதான். வெயில் ஏறிப் பூ நன்றாக விரிந்த காலையில், மழை இல்லாத நாளில், மெல்லிய ஓவியத் தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு மற்றப் பூவின் நடுவே தடவுங்கள். வேறொரு தாய்மரத்திலிருந்து வந்த செடியின் மகரந்தம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே மரத்துக் கொப்பில் பதி வைத்து எடுத்த இரண்டு கன்றுகள் இந்த விஷயத்தில் ஒரே மரம்தான், அதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒன்று இருந்தால் ஒரு கொப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வெயில். மதிலோரம் நிழலில் நிற்கும் மரம் காய்க்காது. அரை நாளுக்கு மேலாவது நேர் வெயில் வேண்டும். இலை கரும்பச்சையாகக் கொழுத்து, பூ குறைவாக இருந்தால் யூரியா அதிகம் போட்டுவிட்டீர்கள். நிறுத்திவிட்டுக் கூட்டுப்பசளையும் கொஞ்சம் சாம்பலும் போடுங்கள். பிறகு தண்ணீர்: சற்றுக் காய்ந்த பின் நல்ல மழை விழுந்தால் இந்த மரம் பூத்துக் குலுங்கும். பிஞ்சு பிடித்த பிறகு மண் காய்ந்தால் அத்தனையும் உதிரும். பூவிலிருந்து பழம் வரை மூன்று, நான்கு வாரம்தான். அந்த நாட்களில் மட்டும் தண்ணீர் தவறாமல் விடுங்கள்.

தொடர்மாடியில் இருக்கிறோம், பல்கனிதான். சாடியில் வளருமா? (கொள்ளுப்பிட்டி)

பார்படோஸ் செரி சாடியில் சந்தோஷமாக வளரும். 40 லீற்றர் அளவுள்ள சாடி எடுங்கள். செம்மண், கூட்டுப்பசளை, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் பாரமும் குறையும், தண்ணீரும் தேங்காது. கடற்காற்று நேராக அடிக்கும் பல்கனி என்றால் ஒரு மூலைக்குத் தள்ளி வையுங்கள். இதன் வேர் ஆழம் போகாது, பலத்த காற்றில் சாயும்.

சாடிக்குக் கீழே வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொழும்பில் டெங்கு எந்த மழைக்கும் தயாராக நிற்கிறது. தட்டில் தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும். தட்டு வேண்டியே வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை தும்பு வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிடங்காப் பழத்தில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம். சாப்பிட முடியவில்லை. (மாளிகாவத்தை)

அவசரப்பட்டுப் பறித்திருக்கிறீர்கள். செம்மஞ்சள் நிறத்தில் பறித்தால் அப்படித்தான். நன்றாகக் கருஞ்சிவப்பாகி, தொட்டவுடன் கையில் விழவேண்டும். அப்போதும் வாசம் பிடிக்காவிட்டால் கீறி விதையை எடுத்து, சீனி தூவி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். பிசின் வாசம் பெரும்பாலும் போய்விடும். விதையைச் சாப்பிட வேண்டாம்.

பக்கத்து வளவில் ஜாம் பழ மரம். இரவில் வௌவால், காலையில் எங்கள் மதிலெல்லாம் அழுக்கு. (கல்கிசை)

அது பறவைகளுக்கும் வௌவாலுக்கும் பெரிய சாப்பாடு ஐயா, அதனால் வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் பக்கம் நீளும் கொப்புகளை மட்டும் மழைக்காலம் தொடங்குமுன் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். கொப்பு எளிதில் முறியும் மரம் என்பதால் அது அவர்களுக்கும் பாதுகாப்பு. எச்சத்தோடு வந்த விதை உங்கள் பீலியிலும் மதில் வெடிப்பிலும் முளைக்கும். விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்குங்கள்.

கடற்கரைக்குப் பக்கம், வெறும் மணல். பார்படோஸ் செரி இலை மஞ்சளாகி வளராமல் நிற்கிறது. (கல்கிசை, இன்னொருவர்)

ஒரு பக்கமாக மண்ணைக் கிளறி மெல்லிய வேர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வட்டப்புழு. மணலில் இந்தச் செடிக்கு அதுதான் பெரிய எதிரி. கூட்டுப்பசளையை நிறையப் போட்டு, பொச்சு மட்டையால் அடியை மூடி, சுற்றிவர மேரிகோல்ட் நடுங்கள். முழுதாக ஒழியாது, ஆனால் மரம் தாக்குப்பிடிக்கும். வேரில் முடிச்சு இல்லையென்றால் பசியாக இருக்கலாம், கூட்டுப்பசளையே போதும்.

கேக்குக்குப் போடும் சிவப்புச் செரி எந்த மரத்தில் வருகிறது? (வெள்ளவத்தை)

இந்தியாவில் செய்து வருவதில் பெரும்பாலானது நம் கிளாக்காய்தான். விதையை எடுத்து, நிறமூட்டி, சீனிப்பாகில் ஊறவைப்பார்கள்.

பழத்துக்குள் புழு. அணிலும் கொண்டைக்குருவியும் மிச்சம் வைப்பதில்லை. எப்போது பறிப்பது? (நுகேகொடை)

பார்படோஸ் செரியை முழுச் சிவப்பாகும்வரை விடாதீர்கள். பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறியதும் காலையிலேயே பறியுங்கள், வீட்டுக்குள் பழுக்கும். உயிர்ச்சத்து சிக்காக அதை வளர்ப்பவர்களுக்கும் இதுவே நல்லது. 100 கிராம் பழத்தில் 1000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், தோடம்பழத்தில் 50 அளவுதான். அதுவும் பழுக்கப் பழுக்கக் குறைந்துகொண்டு போகும். பறித்தபின் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும் என்பதால், மிச்சத்தைக் கழுவி உடனே உறையவைத்து, தேவைப்படும்போது ஜூஸ் அடியுங்கள்.

புழு பழ ஈயால் வருவது. விழுந்த பழங்களை மரத்தடியில் விடாமல் தினமும் பொறுக்கி, சொப்பிங் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். உள்ளே இருக்கும் புழு செத்துவிடும். காய்க்கும் கொப்பை மட்டும் பழைய நுளம்பு வலைத் துண்டால் மூடிக் கட்டினால் ஈயும் அணிலும் நெருங்காது. மற்றக் கொப்புகளைக் குருவிகளுக்கு விட்டுவிடுங்கள், அவ்வளவும் நம்மால் சாப்பிட முடியாது.