கேள்வி – பதில்: சேலை கட்டிய அப்பாவும் கேற்றடியில் நிற்கும் அப்பாவும்

குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படங்கள் எவை என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கனபேர் எழுதியது 'அவ்வை சண்முகி' பற்றித்தான். மனைவியைப் பிரிந்த தகப்பன், மகளோடு இருப்பதற்காக 'சண்முகி மாமி' என்று சேலை கட்டி வேஷம் போட்டு மாமனார் வீட்டுக்கே வேலைக்கு வரும் கமல் படம் அது. படத்தைப் பற்றித் தொடங்கிவிட்டு, பிறகு தங்கள் வீட்டுக் கதையையே எழுதியவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

பரந்தனில் இருந்து ஒரு வாசகர்: அக்கா, 'அவ்வை சண்முகி' ஆங்கிலப் படத்தைப் பார்த்து எடுத்தது என்கிறார்கள். அப்படியென்றால் அதில் மெச்ச என்ன இருக்கிறது?

கரு அங்கே இருந்து வந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆன் ஃபைன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1987 இல் இளையவர்களுக்காக எழுதிய நாவலை வைத்து 1993 இல் கிறிஸ் கொலம்பஸ் 'மிஸிஸ் டவுட்ஃபயர்' எடுத்தார், ரொபின் வில்லியம்ஸ் நடித்தார், ஒப்பனைக்கு ஒஸ்கார் கிடைத்தது. 1996 தீபாவளிக்கு கே.எஸ்.ரவிக்குமார் இயக்கத்தில் தமிழ்ப் படம் வந்தது. அடுத்த வருடமே கமல் தானே இயக்கி ஹிந்தியில் 'சாச்சி 420' என்று கொண்டுவந்தார்.

ஆனால் கருவை எடுத்து வந்து இங்கே நட்ட விதம் வேறு. பணக்கார மாமனார் ஜெமினி கணேசன் சண்முகி மாமியிடம் மயங்குவது, வீட்டுக்காரர் மணிவண்ணன் பின்னால் சுற்றுவது, கிரேசி மோகனின் வசனம், இதெல்லாம் எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் நடக்கிற விஷயங்கள். எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது நாசரின் பாத்திரம். முஸ்லிம் சமையல்காரர் ஒருவர் வேலைக்காக ஐயர் வீட்டில் வாய் பேசாதவர் போல நடிக்கிறார், வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடுவார். வேஷம் போட வேண்டி வந்தது அப்பாவுக்கு மட்டுமில்லை என்பதைப் படம் போகிற போக்கில் காட்டிவிடுகிறது. பெயரும் சும்மா வைத்ததில்லை. நாடகத்தில் ஔவையாராக நடித்து 'அவ்வை' என்ற அடைமொழியே பெற்ற டி.கே.சண்முகத்தின் குழுவில் கமல் இளம் வயதில் இருந்தவர், அந்த நன்றி அதில் இருக்கிறது.

முள்ளியவளை வாசகர் ஒருவர்: ஆம்பிளை சேலை கட்டி நடிப்பதைப் பார்த்துச் சிரிப்பது சரிதானா?

கோவலன் கூத்து ஆடின ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்தது சந்தோஷம். கூத்துப் பழக்கும் உங்கள் ஊர் அண்ணாவிமார் காலங்காலமாக ஆம்பிளைகளுக்குத்தானே கண்ணகி, மாதவி வேஷம் கொடுத்தார்கள்? கண்ணகி அழும்போது சனம் சிரித்ததில்லை, சேர்ந்து அழுதது. ஆக, சேலையில் பிழை இல்லை. ஆள் பெண் மாதிரி நடந்ததற்காகச் சிரித்தால் அது மலிவு. மாட்டிக்கொள்வாரோ என்ற பதற்றத்தில் சிரித்தால் அது நல்ல சிரிப்பு. இரண்டு படத்திலும் இரண்டும் இருக்கின்றன, இரண்டாவது வகைதான் அதிகம்.

விசுவமடுவில் இருந்து ஒரு தாய்: நானும் அவரும் பிரிந்து இரண்டாவது வருடம். ஏழு வயது மகள் ரீவியில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவும் இப்படி வேஷம் போட்டு எங்கட வீட்டுக்கு வருவாரோ? பிறகு எல்லாரும் ஒன்றாக இருப்பமோ?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

தங்கச்சி, உங்கள் மகள் கேட்டது இரண்டு கேள்வி. இரண்டையும் சேர்த்து "பாப்பம்" என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அந்தப் "பாப்பம்" என்பதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொரு முறை படலை திறக்கிற சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கும்.

முதல் கேள்விக்குப் பதில் லேசு. "அப்பாவுக்கு வேஷம் தேவையில்லை, அவர் அப்பாவாகவே உன்னைப் பார்க்க வரலாம்." இதைச் சொன்னால் அதன்படி நடக்கவும் வேண்டும். அவர் வரும் நாளில் வீட்டில் உள்ள பெரியவர்கள் முகத்தைத் திருப்பாமல் இருக்க வேண்டும், அம்மம்மா உட்பட.

இரண்டாவது கேள்விதான் பாரம். தமிழ்ப் படத்தில் கடைசியில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துவிடுகிறார்கள். பார்க்க ஆறுதலாக இருக்கிறது, ஆனால் பிரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கொடுக்கிற நம்பிக்கை பொல்லாதது. ஆங்கிலப் படம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அங்கே தகப்பன் டானியலும் தாய் மிராண்டாவும் கடைசிவரை சேரவில்லை, மிராண்டா கோபம் ஆறின பிறகு, பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகளைத் தினமும் தகப்பன் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். எனக்கு இந்த முடிவுதான் பெரிது. சேர்ந்து வாழ முடியாத இரண்டு பேர், பிள்ளைக்கு அம்மாவாகவும் அப்பாவாகவும் தொடர்ந்து இருக்கலாம் என்பதை ஒரு சிரிப்புப் படம் இவ்வளவு துணிவாகச் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

உங்கள் மனதில் சேரும் எண்ணம் உண்மையிலேயே இல்லையென்றால், "நாங்கள் ஒரே வீட்டில் இருக்க மாட்டம், அது உன்னால் வந்ததில்லை, நாங்கள் இரண்டு பேரும் உன்னை விட்டுப் போக மாட்டம்" என்று அவளுக்கு விளங்கும் சொல்லில் சொல்லுங்கள். நடுவில் உள்ள அந்த "உன்னால் வந்ததில்லை" என்பதைப் பல தடவை சொல்ல வேண்டி வரும். பிள்ளைகள் குற்றத்தைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தகப்பன்: மனைவி தாய் வீட்டில். மகனைக் காட்ட மாமா, மாமி விடுகிறார்களில்லை. பாடசாலைக் கேற்றடியில் நின்று தூரத்தில் பார்த்துவிட்டு வருகிறேன். வேறு ஆள் மாதிரிப் போய்ப் பேசலாமா என்றுகூட யோசனை வருகிறது.

தம்பி, அந்த யோசனையை இன்றைக்கே விடுங்கள். ஆங்கிலப் படத்தைக் கவனமாகப் பாருங்கள். உணவகத்தில் முகமூடி கழன்று பிடிபட்ட பிறகு நீதிபதி டானியலுக்குச் சாதகமாகவா தீர்த்தார்? இருந்ததையும் குறைத்து, கண்காணிப்பாளர் ஒருவர் முன்னால் மட்டும் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்றார். வேஷம் அவருக்குப் பிள்ளைகளை வாங்கித் தரவில்லை. அந்த வேஷத்துக்குள் இருந்தபோது அவர் சமைக்கப் பழகினார், வீட்டை ஒழுங்காக வைக்கப் பழகினார், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தார். முதல் நாள் அடுப்பில் வேஷத்தின் நெஞ்சுப் பகுதி தீப்பிடித்து, இரண்டு சட்டி மூடிகளால் அடித்து அணைத்தவர்தான் பிறகு நல்ல சாப்பாடு போட்டார். கடைசியில் மிராண்டாவின் மனதை மாற்றியது அந்த வேலைகள்தான்.

இனி நடக்க வேண்டியது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், முதலில் அவரிடம் போங்கள். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேச அவரால் முடியும். சரிவராவிட்டால் நீதிமன்றம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம். பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்று தீர்மானிக்கும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான்.

விவாகரத்து என்று போவதானால் ஒன்றை அறிந்து வையுங்கள். எங்கள் இலங்கையின் 1907 ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்று: பிறர் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. யாரோ ஒருவரில் பிழை சாட்ட வேண்டியிருப்பதால் வழக்கில் சொல்லப்படும் சொற்கள் கனக்கும். அதைக் கொண்டுவந்து பிள்ளைக்கு முன்னால் கொட்ட வேண்டாம்.

அப்புறம் தாபரிப்புக் காசு, அதாவது பிள்ளையின் செலவுக்குக் கொடுக்கும் காசு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளையைத் தாபரிப்பது பெற்றோரின் கடமை. "காட்டினால்தான் காசு" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். மாதா மாதம் வங்கியில் போடுங்கள், சிட்டையைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போவதும் அந்தச் சிட்டைதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அவ ஏன் தாய் வீட்டுக்குப் போனா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. குடியோ அடியோ காரணமென்றால் முதலில் அதை நிறுத்துங்கள், நிறுத்தினது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். அதுவரை மாமாவும் மாமியும் கதவைச் சாத்துவதில் எனக்குப் பிழை தெரியவில்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால், பேரன் தகப்பனைப் பார்க்காமல் வளர்வதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வவுனியா வாசகி ஒருவர்: எட்டு வயது மகனுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம்?

தமிழ்ப் படத்தில் சிரிப்புக்காக வைத்த இரட்டை அர்த்தப் பேச்சு இருக்கிறது, ஆங்கிலப் படத்திலும் பெரியவர்களின் பகிடிகள் உண்டு, அமெரிக்காவிலேயே 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனிக்கச் சொல்லித்தான் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டில் எதைப் போட்டாலும் பக்கத்தில் நீங்கள் இருங்கள். ஆங்கிலம் என்றால் கீழே ஓடும் எழுத்தை அவனுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியும் வரும்.