டர்போ சி-யை விட்டு வெளியே வர எந்த எடிட்டர்?

கேள்வி: பி.சி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரி லேபில் சி, சி பிளஸ் பிளஸ் நிரல் எழுத டர்போ சி என்ற பழைய மென்பொருள் மட்டும்தான். என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம். ‘விஎஸ் கோட் புரொஃபஷனல்’ போட்டுத் தர 1,500 ரூபாய் கேட்கிறார் பயிற்சி மையத்துக்காரர். விம் என்ற எடிட்டர் தெரியாவிட்டால் வேலையே கிடைக்காது என்கிறான் நண்பன். எதைப் பழகுவது?

பதில்: அந்த 1,500 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். விஎஸ் கோட், நிரல் எழுத உதவும் எடிட்டர். அதில் புரொஃபஷனல் என்று ஒரு பதிப்பே கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்டதிலிருந்து அது இலவசம்தான். காசுக்கு விற்கும் புரொஃபஷனல், விஷுவல் ஸ்டுடியோவுடையது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு மென்பொருள். இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் மாணவர்களிடம் கறக்கிறார்கள். பென் டிரைவில் வரும் ‘கிராக்’ என்ற திருட்டுப் பதிப்பு எதையும் ஏற்றாதீர்கள். கூடவே என்ன வருகிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. விஎஸ் கோடின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் இணைப்பு) போடும்போதும் வெளியிட்டது யார் என்று பாருங்கள்.

விஎஸ் கோடையே பழகுங்கள். எக்ஸ்டென்ஷன்களைக் குவிக்காமல் இருந்தால் 4 ஜிபியில் ஓடும். திணறினால் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எளிய எடிட்டர் போதும்.

பழகத் தொடங்க, ஒரு நிரலில் ‘டோட்டல்’ என்ற மாறியின் பெயரை மாற்றிப் பாருங்கள். கர்சரை அதன்மேல் வைத்து கன்ட்ரோல்-டி அழுத்த அழுத்த, அடுத்தடுத்த ‘டோட்டல்’ ஒவ்வொன்றும் தேர்வாகும். தட்டினால் எல்லாம் சேர்ந்து மாறும். ஆனால் அது எழுத்தை மட்டுமே பார்க்கும். திரையில் அச்சிட மேற்கோளுக்குள் எழுதிய ‘டோட்டல்’ கூட மாறிவிடும். எஃப்2 அப்படியல்ல. மொழிக்குரிய எக்ஸ்டென்ஷன் இருந்தால், அந்த மாறியை மட்டும் மாற்றும். வேறு ஃபங்ஷனில் அதே பெயரில் இருப்பதைத் தொடாது.

விம் இல்லாமல் வேலை இல்லை என்பது சும்மா மிரட்டல். முக்கியமாக ஒரு இடத்தில் தேவைப்படும்: எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இணையும் முறை) வழியாக லினக்ஸ் சர்வருக்குள் போகும்போது. அங்கே பெரும்பாலும் விமின் முன்னோடியான விஐ அல்லது விம்தான் கைக்குக் கிடைக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் கமிட் (பதிவு) செய்யும்போதும் திடீரென்று விம் திறந்துகொள்வதுண்டு. பதறி ஜன்னலை மூடாதீர்கள். எழுத ஆரம்பிக்க ஐ விசையை அழுத்துங்கள். முடித்ததும் எஸ்கேப், கோலன், டபிள்யூ, கியூ, என்டர், சேமித்து வெளியேறும். சேமிக்க வேண்டாமென்றால் எஸ்கேப், கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

சி பிளஸ் பிளஸுக்கு முதல் தரநிலை வந்ததே 1998-ல். அதற்கும் முந்தைய டர்போவை இன்னும் லேபில் கட்டிக்கொண்டு அழும் கல்லூரிகளை என்ன சொல்வது! அங்கே ஓடிய நிரல் வீட்டில் ஓடாவிட்டால் எடிட்டரைக் குறை சொல்லாதீர்கள். விஎஸ் கோடில் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கிடையாது. ஜிசிசி என்ற கம்பைலரைத் தனியாக நிறுவ வேண்டும், அதுவும் இலவசம். பிறகு டர்போவில் எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலில் ‘ஐஓஸ்ட்ரீம்’ பக்கத்திலுள்ள டாட்-ஹெச்சை எடுத்துவிட்டு, கீழே ‘யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ வரியைச் சேருங்கள். ‘கோனியோ’ வரியையும் ‘கிளியர் ஸ்கிரீன்’, ‘கெட்ச்’ அழைப்புகளையும் நீக்கிவிடுங்கள்.