இரவில் கார் ஓட்டும்போது போலீஸ் வண்டி உங்களை வீடு வரை பின்தொடர்ந்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

உண்டு. 2022 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. முதல் இருபது நிமிடம் அந்த வண்டி தானாகப் பின்னால் வந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டர் நாங்களே கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தோம். நான் சொல்வது தென்னாப்பிரிக்கக் கதை, அதனால் இதை அப்படியே மதுரைக்கோ சிங்கப்பூருக்கோ பொருத்திப் பார்க்க வேண்டாம்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். கணக்கு வேலைக்காக டர்பன் நகரத்துக்கு வந்தவன், அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் கட்டிய இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அப்போது 76 வயது. தெருவே அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடும். அவர் பிறந்தது மேகசின் பாரக்ஸில். நகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்களுக்கான குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்கள். இனவாரியாக மக்களைப் பிரித்துவைக்கும் சட்டம் வந்த பிறகு, 1960களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். தாத்தாவுக்குத் தமிழ் துண்டு துண்டாகத்தான் வரும். பயம் வந்தால் மட்டும் முழு வாக்கியமாக வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இங்கே கூழை 'போரிஜ்' என்பார்கள். கேழ்வரகு கிடையாது, மக்காச்சோள மாவுதான். புளித்த பால், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். குடித்தால் நம் ஊர்க் கூழ் மாதிரியே இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் கலைந்து, பாத்திரம் கழுவிப் புறப்படும்போது மணி ஒன்பதரை. என் பழைய கரோலாவில் தாத்தா வீட்டு அண்டாவை ஏற்றினோம். அடியில் கால்வாசிக் கூழ் மிச்சமிருந்தது. டிக்கி மூடவில்லை. கதவை மேலே தூக்கியபடியே விட்டு, அண்டாவுக்கு மேல் மஞ்சள் துணியைப் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினேன். நல்லாத்தான் கட்டியிருக்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

என்2 நெடுஞ்சாலையில் தெற்கே வந்தோம். அங்கே 120 வரை போகலாம். அண்டா ஆடுமே என்று நான் 60ஐத் தாண்டவில்லை. டிக்கிக் கதவு தூக்கி நின்றதால் உள்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, பக்கக் கண்ணாடி மட்டும்தான். என்3 வந்து சேருகிற பெரிய சந்திப்பு ஒன்று உண்டு, ஊர்க்காரர்கள் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்பார்கள் (இடியாப்ப ஜங்ஷன் என்று வைத்திருந்தால் எனக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும்). அதைத் தாண்டியதும் கவனித்தேன், வலப்பக்கக் கண்ணாடியில் இரண்டு விளக்குகள். எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போக, அது மட்டும் 60லேயே வந்தது. நான் 50க்கு இறக்கினேன். அதுவும் இறக்கியது. ஒரு விளக்குக்கம்பத்தடியில் வந்தபோது கூரைமேல் நீளமாக ஒரு பட்டை தெரிந்தது.

"தாத்தா, பின்னாடி போலீஸ் மாதிரி இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நிறுத்தாதே தம்பி. திரும்பிப் பார்க்காதே. நேராப் போ."

நம் ஊரில் போலீஸ் எதிரில் நின்று கைகாட்டும். நாலு பேர், ஒரு தடுப்பு, ஒரு டார்ச், எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும். இங்கே பெரும்பாலும் பின்னால் வரும். வருவது போலீஸ்தானா என்பதுதான் முதல் கேள்வி. நீல விளக்கைப் பொருத்திக்கொண்டு, சில சமயம் சீருடையும் மாட்டிக்கொண்டு, வண்டியை நிறுத்தவைத்துக் கொள்ளையடிக்கும் கூட்டங்கள் இந்த நாட்டில் உண்டு. இன்னொரு வகையும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ சத்தமில்லாமல் பின்னால் வந்து, வீட்டு வாசலில் ரிமோட்டை அழுத்திவிட்டு கேட் நகருவதற்காகக் காத்திருக்கிற அந்தப் பத்துப் பதினைந்து வினாடியில் மடக்குவார்கள். முன்னால் மூடிய கேட், பின்னால் அவன் வண்டி. அதனால்தான் இங்கே பழகியவர்கள் காரைக் கேட்டில் கொண்டுபோய் முட்டி நிறுத்த மாட்டார்கள். கேட் முழுக்கத் திறக்கும்வரை தெருவிலேயே நிற்பார்கள். பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு என் புத்தி சொன்னது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் போ. பயந்தால் மனுஷன் வீட்டைத்தான் தேடுகிறான், அதுதான் தப்பு. ஹிக்கின்சன் ஹைவேக்கு இறங்கும் சரிவில் நான் ரிமோட்டைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, எதற்கு எடுத்தேனோ.

அதே சரிவில்தான் நீல விளக்கு போட்டார்கள். கார் முழுக்க, தாத்தாவின் வெள்ளை வேட்டி முழுக்க நீலம்.

தாத்தா மறுபடி வாய் திறந்தார். "லைட் போடு. ரெண்டு பக்கமும். மெதுவாப் போ. கையை வெளியே நீட்டி, பின்னாடி வான்னு காட்டு." சரியான ஆலோசனைதான் அது. போலீஸ்தானா என்ற சந்தேகம் இருந்தால், வேகத்தைக் குறைத்து, நான்கு பக்கமும் மின்னும் விளக்கைப் போட்டு, வலது கையை வெளியே நீட்டி 'என் பின்னால் வாருங்கள்' என்று சைகை காட்டி, பக்கத்திலிருக்கும் காவல் நிலையத்துக்கோ, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்கோ போகச் சொல்லிப் போலீஸ் தரப்பே அறிவுரை சொல்லியிருக்கிறது. அப்படியே 10111க்கோ, செல்போனிலிருந்து 112க்கோ கூப்பிட்டுச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் இது சிட்டாய்ப் பறந்து போவதற்கான அனுமதிச்சீட்டு இல்லை. சீருடைக்காரர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஓடவில்லை, இடம்தான் தேடுகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குப் புரிய வேண்டும்.

தாத்தா 10111ஐக் கூப்பிடவில்லை. மகளைக் கூப்பிட்டார். அந்த அக்கா தெரு முழுவதும் மாதச் சந்தா கட்டும் தனியார் காவல் கம்பெனியைக் கூப்பிட்டார். இந்த நாட்டில் தனியார் காவலர்கள் எண்ணிக்கையில் போலீசைவிட அதிகம், அதனால் யாருடைய விரலும் முதலில் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

கையை நீட்டிக்கொண்டே ஒரு ரோபோட் தாண்டினேன். சிக்னல் விளக்குக்கு இங்கே பெயர் ரோபோட். வந்த புதிதில் "ரோபோட்டில் இடப்பக்கம் திரும்பு" என்று ஒருவர் வழி சொல்ல, நான் தெருவில் பொம்மையைத் தேடியவன். அப்புறம் ராத்திரியெல்லாம் திறந்திருக்கும் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. உள்ளே நுழைந்து, பம்புக்கு நேரே, பெட்ரோல் போடும் இரண்டு பையன்கள் பார்க்கும் இடத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்தேன். ரிமோட் மடியிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. குனிந்து எடுக்கத் தைரியம் வரவில்லை.

இறங்கி வந்தவர்கள் இரண்டு பேர். நடுத்தர வயது ஆண் ஒருவர், இளம் பெண் ஒருவர், இருவரும் ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்தவர்கள். அவர் என் கதவுக்கு நேரே வரவில்லை. கொஞ்சம் பின்னால், காரின் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தூணை ஒட்டி நின்றார். டார்ச் இடது கையில், வலது கை இடுப்புத் துப்பாக்கி மேல். அந்தக் கை லேசாக நடுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நடிக்கிறவனுக்குக் கை நடுங்காது என்று ஏனோ தோன்றியது. இருட்டில் முன்பின் தெரியாத காரை நெருங்குகிற போலீஸ்காரர்கள் இங்கே சுடப்பட்டுச் செத்திருக்கிறார்கள். என்னிடம் என்ன இருக்கிறதென்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

"உன் நம்பர் பிளேட் எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

பின்னால்தான் இருக்கிறது என்றேன். "ஆமாம், வானத்தைப் பார்த்துக்கொண்டு" என்றாள் அந்தப் பெண். கரோலாவில் நம்பர் பிளேட் டிக்கிக் கதவில்தான் இருக்கிறது. கதவைத் தூக்கிக் கட்டினால் அது நட்சத்திரத்துக்குத்தான் தெரியும். அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: நம்பர் தெரியாத கார், 120 போகும் சாலையில் 60, டிக்கியில் துணி போட்டு மூடிக் கட்டிய ஏதோ கனமான சாமான். செம்புக் கேபிளை அறுத்து விற்கும் திருட்டு இந்த ஊரில் தீராத தலைவலி. கேபிள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் நிறுத்தினால் இரண்டு தரப்புக்கும் ஆபத்து என்று இறக்கம் வரும்வரை பொறுத்து வந்திருக்கிறார்கள்.

நான் லைசென்ஸை எடுக்கப் போக, தாத்தா கையை நீட்டித் தடுத்தார். "முதலில் உங்கள் நியமனச் சான்றைக் காட்டுங்கள்."

எனக்கு வயிற்றைப் புரட்டியது. போலீஸ்தான் என்று காட்டும் அந்த அட்டையைக் கேட்க உரிமை உண்டு, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, தானே டார்ச் அடித்துக் காட்டினார். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். படத்தையும் முகத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டார். பெட்ரோல் போடும் பையன்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அடுத்த நாள்தான் சொன்னார். 1974 செப்டம்பர் 25 அன்று டர்பன் கரீஸ் ஃபவுண்டனில், மொசாம்பிக் விடுதலை இயக்கத்தின் வெற்றியைக் கொண்டாட, தடையை மீறி ஒரு கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து நடந்த வழக்கில் சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி போன்றவர்கள் ரோபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். தாத்தா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, அவருடைய நண்பர் ஒருவர் போனார். அந்த நண்பரைத் தாத்தா ஒருநாள் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பல வாரம், ராத்திரி வேலை முடிந்து வரும்போதெல்லாம் பின்னால் ஒரு வண்டி. நிறுத்தாது, கேட்காது, விளக்கு போடாது. வீடு வரை வரும், எதிரில் நிற்கும், போய்விடும். மூன்று வருடம் கழித்து, 1977 ஆகஸ்டில், நிறவெறி அரசை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவைக் கிரஹாம்ஸ்டவுன் பக்கத்தில் ஒரு சாலைத் தடுப்பில் ராத்திரி பிடித்தார்கள், அடுத்த மாதமே காவலில் செத்துப்போனார். "அந்தக் காலத்தில் 'நீ யார், காட்டு' என்று கேட்க முடியுமா, தம்பி?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, பங்குக்கு வருவோம். துணியை விலக்கி அண்டாவைக் காட்டினேன். மூடியைத் திறந்ததும் அந்தப் பெண் குனிந்து முகர்ந்து பார்த்து, "அமஹெவு!" என்றாள். ஜூலுக்காரர்கள் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துக் குடிக்கும் பானம் அது, கூழுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. தாத்தாவுக்கு அதுவரை இருந்த முகம் வேறு, அப்புறம் வந்த முகம் வேறு. காரிலிருந்த பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இதில் வெங்காயத்தை யார் போட்டது?" என்று உண்மையிலேயே வருத்தமாகக் கேட்டாள். இருந்தாலும் டம்ளரைக் காலிசெய்துதான் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தனியார் காவல் கம்பெனி வண்டி டயர் தேய உள்ளே வந்தது. குண்டு துளைக்காத சட்டை போட்ட இரண்டு பேர் குதித்து இறங்கிப் பார்த்தால், போலீஸ் கையில் டம்ளர். அவர்களுக்கும் ஊற்றினோம்.

அபராதம் போடவில்லை. நம்பர் தெரியாமல் இனி ஓட்டக்கூடாது என்று அண்டாவை டிக்கியிலிருந்து இறக்கவைத்தார்கள். நான்கு பேர் பிடித்துப் பின் சீட்டில் வைத்தோம், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது அவர்தான் ஜன்னல் வழியாகக் கேட்டார், வீடு வரை கூட வர முடியுமா என்று. வந்தார்கள். கேட் திறக்கும்வரை தெருவில் நின்றார்கள், உள்ளே போனதும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். அக்கா கையில் ஹாக்கி மட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஆடிக்குப் பக்கத்து வீட்டு பக்கியை வாங்கிக்கொண்டு போனோம். பின்பக்கம் திறந்த சின்ன லாரிக்கு இங்கே பக்கி என்று பெயர். தாத்தா முன்னால் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் அண்டாவில் சாய்ந்து, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, எங்கள் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் வீடு வரை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.