முதலில் குவாட்டர்பேக்கா, லைனா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் நான் ஆதரிக்கும் அணி கடைசி இடத்தில் கிடக்கிறது. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் கடைசி அணிக்குத்தானே முதல் வாய்ப்பு? அதில் முதல் ஆளாக, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல குவாட்டர்பேக்கை எடுத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 2002-இல் புதிதாக வந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் அப்படித்தான் டேவிட் கார் என்ற குவாட்டர்பேக்கை முதல் ஆளாக எடுத்தது. அவருக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் 'லைன்' வரிசையில் சரியான ஆள் இல்லை. அந்த ஒரே சீசனில் 76 முறை அவரைச் சாய்த்தார்கள். இன்றைக்கும் அதுதான் சாதனை. பாவம், எவ்வளவு திறமை வீணானது!

உங்கள் அணியின் ஆட்டப் பதிவை எடுத்து, பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கைச் சாய்க்கும் ஒவ்வொரு 'சாக்'கையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பந்து கைக்கு வந்து இரண்டரை நொடிக்குள் விழுந்தால் பெரும்பாலும் லைனின் குறை. மூன்றரை நொடி நின்றும் விழுந்தால், பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர்கள் விலகி ஓடவில்லை, அல்லது குவாட்டர்பேக் தயங்குகிறார்.

அடுத்து 53 பேர் பட்டியலில் ஒப்பந்தம் முடிபவர்களையும் முப்பதைத் தாண்டியவர்களையும் குறியுங்கள். கார்ட் (லைனின் உள்பக்கத் தடுப்பாளர்), சேஃப்டி (பின்வரிசைத் தற்காப்பாளர்) போன்ற இடங்களை மார்ச் மாதம், ஒப்பந்தம் முடிந்து வரும் ஃப்ரீ ஏஜென்ட்களை வைத்தே அடைக்கலாம். லைனின் இடது ஓரத்தில் தடுக்கும் நல்ல லெஃப்ட் டேக்கிள் அங்கே அரிதாகத்தான் கிடைப்பார். அவருக்கு ட்ராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிப்பதில் தவறே இல்லை.

ஒரே ஆளுக்காக அடுத்த ஆண்டுத் தேர்வை மட்டும் விற்றுவிடக் கூடாது. 2023-இல் கரோலைனா அணி அப்படித் தன் அடுத்த ஆண்டு முதல் சுற்றுத் தேர்வை சிகாகோ அணிக்கு விற்றது. மறு ஆண்டு அதுவே ட்ராஃப்டின் முதல் தேர்வாகி சிகாகோவுக்குப் போனது.