சென்னைக்கு வெளிய நல்ல கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கா?

இருக்கு, நிறையவே இருக்கு. நம்ம ஆளுங்க அண்ணா யுனிவர்சிட்டி கிண்டி கிடைக்கலன்னா உடனே வீட்டுப் பக்கத்துல இருக்கிற பிரைவேட் காலேஜுக்கு பணம் கட்டிடுறாங்க, அதான் பிரச்சனை. கோயம்புத்தூர் தடாகம் ரோட்டுல ஜிசிடி (கவர்மென்ட் காலேஜ் ஆஃப் டெக்னாலஜி) 1945லேர்ந்து இருக்கு, காரைக்குடில அழகப்பா செட்டியார் காலேஜ் 1952ல ஆரம்பிச்சது, அப்புறம் சேலம், திருநெல்வேலி, பர்கூர், வேலூர்னு மூலைக்கு மூலை கவர்மென்ட் காலேஜ்தான்.

இந்த காலேஜ்ல எல்லாம் கவுன்சிலிங்ல சீட் கிடைக்க பாக்குற கட்ஆஃப் மார்க் 200க்கு, மேத்ஸ் மார்க் 100க்கு அப்படியே, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் 50-50. மேத்ஸ் 90, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 84னா 90+40+42, மொத்தம் 172. சாய்ஸ் ஃபில்லிங்ல, அதாவது வேணும்கிற காலேஜை வரிசையா குறிச்சுக் குடுக்கிறப்போ, கிடைக்காதுன்னு நினைக்கிற காலேஜையும் தைரியமா மேல போடுங்க, அதனால கீழ இருக்கிறது கைவிட்டுப் போகாது. பாதுகாப்பா இருக்கட்டும்னு சுமாரான காலேஜை முதல்ல போட்டா அதுதான் கைக்கு வரும், அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களா? அப்போ 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுடாதீங்க, அதுல சீட் கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டையும் அரசாங்கமே கட்டிடும். மார்க் ரொம்ப கம்மின்னா பாலிடெக்னிக்ல டிப்ளமோ முடிச்சிட்டு நேரா இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துல சேரலாம், அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லங்க.